‘ஸாரி?’ என்று மறுபடி கேட்கிறாரா: ஆங்கிலப் பேச்சின் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆட்களோடு போனிலும் வீடியோ மீட்டிங்கிலும் பேசிப் பிழைக்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலக்கணப் புத்தகத்தின் முதல் பாடத்திலிருந்து தொடங்கப் போவதில்லை. நீங்கள் பேசியதும் எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். மறுபடி கேட்கிறாரா, வேறு சொல்லாக எடுத்துக்கொள்கிறாரா, நேர்மாறாகப் புரிந்துகொள்கிறாரா, குரல் இறுகுகிறதா, முகம் லேசாகச் சுளிக்கிறதா, எல்லாம் புரிந்த பிறகும் திருத்துகிறாரா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. அவசரத்தைப் பொறுத்துத்தான் இந்த வரிசை. நம் ஆட்கள் பலர் கடைசி இரண்டுக்காக ராத்திரியெல்லாம் கவலைப்பட்டு முதல் இரண்டைக் கவனிப்பதே இல்லை.

தமிழ் வாடை கோளாறு அல்ல. ‘ட’வை நாக்கை மடித்துச் சொல்வது, ‘ர’வை உருட்டுவது, ‘திங்க்’ என்பதில் காற்று விடாமல் நம்முடைய ‘த’வையே போடுவது, இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். அயர்லாந்துக்காரர்கள் பலர் அந்தத் ‘திங்க்’கை ஏறக்குறைய நம்மைப் போலத்தான் சொல்கிறார்கள். செய்தி வாசிப்பவர் மாதிரியே பேச வைக்கிறேன் என்று காசு கேட்பவர்களிடம் போக வேண்டியதில்லை.

அறிகுறி: ‘ஸாரி?’ என்று திரும்பக் கேட்கிறார்

ஒரே பேச்சில் இது பலமுறை நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அழுத்தத்தை. தமிழில் அசைகளை ஏறத்தாழ ஒரே கனத்தில் சொல்லிக்கொண்டு போகிறோம்; எந்த அசையைத் தூக்கிச் சொன்னாலும் சொல் மாறிவிடாது. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அசையுள்ள சொல் எதிலும் ஓர் அசை ஓங்கி நிற்கும், மற்றவை ஒடுங்கிவிடும். கேட்பவருடைய காது அந்த ஓங்கிய அசையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லைத் தேடுகிறது. அதை இடம் மாற்றி வைத்தால், எழுத்து ஒவ்வொன்றையும் சுத்தமாக உச்சரித்திருந்தாலும் அவருக்குச் சொல் கிடைக்காது.

‘டெவலப்’பில் நாம் ‘டெ’யை அழுத்துகிறோம், அவர்கள் ‘டி-வெ-லப்’ என்று நடுவில் அழுத்துகிறார்கள். ‘ஹோட்டல்’ அவர்களுக்கு ‘ஹோ-டெல்’, கனம் கடைசியில். ‘போலீஸ்’ என்பதிலும் அப்படியே, ‘லீஸ்’ தான் பலம். ‘கமிட்டி’யில் ‘மி’, ‘அட்வான்டேஜ்’ என்பதில் ‘வான்’. ‘போட்டோகிராஃப்’ வரைக்கும் முதல் அசையில் இருக்கும் அழுத்தம், ‘போட்டோகிராஃபி’ ஆனதும் இரண்டாவதுக்குத் தாவி ‘ஃப-டாக்-ர-ஃபி’ என்று ஆகிவிடும். ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல்லாக இருந்தால் முதல் அசையை அழுத்த வேண்டும், ‘பதிவு செய்’ என்ற வினையாக இருந்தால் இரண்டாவதை, அதுவும் ‘ரி-கார்ட்’ என்று.

இதன் மறுபக்கம், ஒடுங்க வேண்டியவற்றை ஒடுங்கவிடுவது. ‘வெஜி-டேபிள்’ என்று மேசையைச் சேர்த்துச் சொல்கிறோம். அவர்கள் வாயில் அது ‘வெஜ்-ட-பிள்’. அதே மாதிரி ‘கம்ஃப்-ட-பிள்’, ‘சாக்-லட்’, ‘வென்ஸ்-டே’. ‘டிடர்மைன்’ கிடையாது, ‘டி-டர்-மின்’. எழுத்தைப் பார்த்துப் படித்து ஆங்கிலம் கற்றவர்களுக்கு எழுதியிருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற நேர்மை இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த நேர்மை செல்லுபடியாகாது. ரசீதுக்கான ‘ரிஸீட்’டில் ‘ப்’ கேட்கக் கூடாது. கடனுக்கான ‘டெட்’டிலும் குழாய் வேலைக்காரரான ‘பிளம்மர்’ என்பதிலும் நடுவில் இன்னொரு ‘ப’ கேட்கக் கூடாது. வெங்காயம் ‘அனியன்’, கேக் வேக வைக்கும் பெட்டி ‘அவன்’. நம் ஊரில் ‘ஆனியன்’, ‘ஓவன்’ என்றே சொல்லலாம், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். லண்டன் கடையில் ‘ஆனியன்’ எப்படியோ பிழைத்துக்கொள்ளும், ‘ஓவன்’ சில நேரம் தடுமாறும்.

சரிசெய்ய அகராதி முழுக்கப் படிக்க வேண்டாம். உங்கள் வேலையில் தினமும் வாயில் வரும் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். இருபது, முப்பது தேறும். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் அகராதிகள் இணையத்தில் இலவசம். உச்சரிப்புக் குறியீட்டில் ஓர் அசைக்கு முன்னால் மேலே சின்னக் கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு அடுத்து வருவதுதான் ஓங்கி நிற்க வேண்டிய அசை. ஒலிப்பொத்தானை அழுத்திக் கேளுங்கள், அந்த அசை வரும்போது மேசையில் ஒரு தட்டு தட்டிச் சொல்லுங்கள். இந்தப் பட்டியலை முடித்தாலே ‘ஸாரி?’ பெருமளவு குறைந்துவிடும்.

அழுத்தம் சரியாக இருந்தும் கேட்கிறார் என்றால் சொல்லின் இரு முனைகளையும் பாருங்கள். பேச்சுத் தமிழில் ‘எங்கே’ என்பது ‘யெங்கே’ ஆகிறது, ‘ஒண்ணு’ என்பது ‘வொண்ணு’ ஆகிறது. அதே பழக்கத்தில் முட்டை ‘யெக்’ ஆகிறது, ‘ஒன்லி’ ‘வொன்லி’ ஆகிறது. காதைச் சொல்கிறீர்களா ஆண்டைச் சொல்கிறீர்களா என்றே அவருக்குத் தெரியாது. அவர்களுக்கு அந்த இரண்டு சொல்லுக்கும் வித்தியாசமே தொடக்கத்தில் வரும் அந்த ‘ய’ தான். வாயை முதலில் திறந்து வைத்துக்கொண்டு, அப்புறம் குரலை விடுங்கள். கடைசி முனையில் ‘பஸ்ஸு’, ‘டெஸ்ட்டு’ என்று ஒட்டும் உகரத்தையும் வெட்டிவிடுங்கள்.

மறுபடி கேட்கும்போது அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொல்லாதீர்கள். அவருக்குக் காது மந்தமில்லை. சொல்லை மாற்றிச் சொல்லுங்கள். ‘கமிட்டி’ போகவில்லையா, ‘குரூப்’ என்று சொல்லி நகருங்கள். உச்சரிப்பை அப்புறம் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: ஒரு சொல்லை வேறு சொல்லாக எடுத்துக்கொள்கிறார்

இதன் வேர் நம் நெடுங்கணக்கில் இருக்கிறது. பழத்தில் வரும் ‘ப’வும் பஸ்ஸில் வரும் ‘ப’வும் வேறு வேறு ஒலி, நாம் ஒரே எழுத்தில் எழுதுகிறோம். ஆங்கிலத்தின் அந்த இரண்டு எழுத்தின் பெயரையும் தமிழில் எழுதினால்கூட இரண்டும் ‘பி’ தான். டீயின் ‘ட’, டாக்டரின் ‘ட’. காப்பியின் ‘கா’, காந்தியின் ‘கா’, எல்லாம் அப்படியே. நாம் இவற்றைப் பிரித்துத்தான் சொல்கிறோம் என்று நினைக்கிறோம், பெரும்பாலும் பிரிக்கவும் செய்கிறோம். ஆனால் ஆங்கிலக் காது தேடுவது வேறொன்றை. சொல்லின் தொடக்கத்தில் வரும் பழத்து ‘ப’வை அவர்கள் ஒரு குபீர்க் காற்றோடு சொல்கிறார்கள். காற்று இல்லாமல் நாம் சொன்னால் அவருக்கு அது பஸ்ஸின் ‘ப’வாகக் கேட்கிறது. குண்டூசி கேட்டால் குப்பைத் தொட்டியைக் காட்டுவார். இரண்டுமே நம் எழுத்தில் ‘பின்’.

வாய்க்கு முன்னால் உள்ளங்கையையோ மெல்லிய தாளையோ பிடித்துக்கொண்டு ‘பென்’, ‘டைம்’, ‘கார்’ என்று சொல்லிப் பாருங்கள். தாள் அசைய வேண்டும். அசையவில்லை என்றால் காற்று போதவில்லை. கொஞ்சம் நாடகத்தனமாகத் தோன்றும், ஆனால் கேட்பவருக்கு அதுதான் இயல்பு. முன்னால் ‘ஸ்’ வந்தால் இந்தக் காற்று வேண்டாம். ‘ஸ்கூல்’, ‘ஸ்டாப்’ எல்லாம் நம் வழியிலேயே சரி.

சொல்லின் முடிவில் வந்தால் தந்திரம் வேறு. ‘பின்புறம்’ என்ற பொருளில் வரும் ‘பேக்’கும், தோளில் மாட்டும் ‘பேக்’கும் நம் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. அவர்கள் தோள்பையின் உயிரை இழுத்தும் பின்புறத்தின் உயிரைச் சுருக்கியும் சொல்கிறார்கள். கடைசி மெய்யைவிட அந்த நீளம்தான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது. விலைக்கும் பரிசுக்கும் இதே கணக்கு: விலை ‘ப்ரைஸ்’ சுருக்கமாக முடியும், பரிசில் ‘ஐ’யை நீட்டி, கடைசி ‘ஸ்’ஸில் தொண்டையை அதிரவிட வேண்டும். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தால் அதிர்வு தெரியும்.

நம் ‘வ’ இரண்டு ஆங்கில ஒலிகளுக்கு நடுவில் நிற்கிறது. ஈரமும் கால்நடை மருத்துவரும் நமக்கு ஒரே ‘வெட்’. மருத்துவருக்கு மேல்பல் கீழுதட்டில் பட்டு ரீங்கரிக்க வேண்டும். ஈரத்துக்குப் பல் எங்கும் படக் கூடாது. ‘உ’ சொல்வது போல உதட்டைக் குவித்து ‘உவெட்’ என்று விரைவாகத் தொடங்குங்கள். இதைச் சரிசெய்தவர்கள் சிலர் உற்சாகத்தில் எல்லா ‘வ’வுக்கும் உதட்டைக் குவிக்க ஆரம்பித்துவிடுவார்கள். வீடியோவும் ‘உவீடியோ’ ஆகிவிடும். அதற்குப் பழைய கோளாறே மேல்.

‘ஃப’வைப் ‘ப’ ஆக்குவதும் இங்கே சேரும். ‘கேன் ஐ கெட் எ காபி?’ என்று ஆபீஸில் கேட்டால், குடிக்கக் கேட்கிறீர்களா நகல் எடுக்கக் கேட்கிறீர்களா என்று விழிப்பார். தமிழில் இரண்டுமே ‘காபி’. குடிப்பதற்கு மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்துக் காற்றை விடுங்கள்.

இறந்தகால ஒட்டு பற்றி ஒரு வரி: ‘வாக்’, ‘ஸ்டாப்’ போன்றவற்றுக்கு ஒட்டு தனி அசையாக வராது, ‘வாக்ட்’, ‘ஸ்டாப்ட்’ தான். வினையே டகர ஒலியில் முடிந்தால் மட்டும் ‘வான்டிட்’, ‘நீடிட்’ என்று அசை கூடும்.

அறிகுறி: நீங்கள் சொன்னதற்கு நேர்மாறாகப் புரிந்துகொள்கிறார்

இலக்கணம், உச்சரிப்பு எல்லாம் பழுதில்லாமல் இருக்கும்போதே நடக்கும் விபத்து இது. ஆகவே யாரும் கண்டுபிடிப்பதும் இல்லை.

‘சாவி உங்ககிட்ட இல்லையா?’ என்று கேட்டால் ‘ஆமா, இல்ல’ என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த ‘ஆமா’. ஆங்கிலத்தில் ‘யெஸ்’ஸும் ‘நோ’வும் கேள்வியைப் பார்ப்பதில்லை, நடப்பை மட்டும் பார்க்கின்றன. ‘டோன்ட் யூ ஹேவ் த ஃபைல்?’ என்று கேட்கும்போது ஃபைல் உங்களிடம் இல்லை என்றால் பதில் ‘நோ’, இருந்தால் ‘யெஸ்’. கேள்வியில் எதிர்மறை இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். நம் பழக்கத்தில் ‘யெஸ்’ என்று சொல்லிவிட்டால் ஃபைல் வரும் என்று அவர் காத்திருப்பார், நாம் இல்லை என்று சொல்லிவிட்ட நிம்மதியில் இருப்போம். மறுநாள் இரண்டு பேருக்கும் கோபம் வரும், இரண்டு பேருமே தாங்கள் சொன்னது சரி என்று சத்தியம் செய்வார்கள்.

விதியை நினைவில் வைத்துக்கொண்டு பதில் சொல்வது அவசரத்தில் நடக்காது. ‘யெஸ்’, ‘நோ’ இரண்டையும் விட்டுவிட்டு நேராக விஷயத்தைச் சொல்லுங்கள்: ‘ஐ டோன்ட் ஹேவ் இட்.’ நீங்கள் கேட்கும் பக்கமாக இருந்தால் எதிர்மறைக் கேள்வியே கேட்காதீர்கள். ‘டோன்ட் யூ மைண்ட்?’, ‘டூ யூ மைண்ட்?’ வகையறாக்களில் ஆங்கிலேயர்களே குழம்புகிறார்கள்.

அடுத்தது ‘டவுட்’. வகுப்பில் கை தூக்கி ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று சொல்லியே வளர்ந்தோம். நமக்கு அது ‘ஒரு கேள்வி இருக்கிறது’. அவருக்கு அது ‘நீங்கள் சொல்வது எனக்கு நம்பும்படியாக இல்லை’. ஒருவர் அரை மணி நேரம் விளக்கிய பிறகு இதைச் சொன்னால் முகம் மாறத்தான் செய்யும். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று மாற்றுங்கள், அவ்வளவுதான்.

‘பாஸ்ட் அவுட் இன் 2015’ என்றால் 2015 இல் மயங்கி விழுந்தார் என்று அர்த்தம். ராணுவ, போலீஸ் பயிற்சியை முடித்து அணிவகுப்பவர்களுக்கு மட்டும் அங்கே அந்தச் சொல் பொருந்தும், கல்லூரிக்கு ‘கிராஜுவேட்டட்’. ‘ஐ வில் ரிவர்ட்’ என்றால் பழைய நிலைக்குத் திரும்புகிறேன் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு, ‘ரிப்ளை’ போதும். ‘ப்ரிபோன்’ நம் நாட்டு ஆங்கிலச் சொல். நல்ல சொல்தான், அவர்களிடம் அதற்கு ஈடாக அன்றாடப் பேச்சில் ஒற்றைச் சொல் இல்லை. ஆனாலும் புரியாத ஆளிடம் ‘மூவ் இட் அப்’ என்று தேதியோடு சொல்லிவிடுங்கள். லட்சம், கோடி அவர்கள் கணக்கில் கிடையாது.

அம்மாவையும் மேலதிகாரியையும் ‘தே’ என்று சொல்வதும் இந்த வகைதான். ‘அவங்க’ என்று மனதில் ஓடுவதால் மரியாதைப் பன்மை ஆங்கிலத்துக்கும் ஏறிவிடுகிறது. ‘மை மதர், தே ஸெட்…’ என்றால் கேட்பவர் இன்னொருவர் யார் என்று தேடுவார். ஆங்கிலத்தில் ராணிக்கும் ‘ஷீ’ தான்.

அறிகுறி: எல்லாம் புரிகிறது, ஆனால் குரல் இறுகுகிறது

தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. ‘அனுப்பு’ என்பதை ‘அனுப்புங்க’ ஆக்கினால் போதும். ஆங்கில வினைக்கு அந்த வால் இல்லை. ‘செண்ட் மீ த ரிப்போர்ட்’ என்று நாம் ‘அனுப்புங்க’ என்று நினைத்துச் சொல்வது, அங்கே ‘அனுப்பு’ என்று போய்ச் சேருகிறது. முன்னால் ‘கைண்ட்லி’ போட்டால் இன்னும் மோசம். நோட்டீஸ் பலகையில் அதட்டுவது போல இருக்கும். ‘டூ த நீட்ஃபுல்’ கோபமூட்டுவதைவிடச் சிரிப்பூட்டுவது.

மரியாதையை அவர்கள் கேள்வியில் வைக்கிறார்கள். ‘குட் யூ செண்ட் மீ த ரிப்போர்ட்?’ என்று கேட்டால் போதும், அது கட்டளை என்று அவருக்கும் தெரியும். மறுப்பிலும் அப்படித்தான். ‘யூ ஆர் ராங்’ என்பதை ‘ஐ’ம் நாட் ஷூர் தட்ஸ் ரைட்’ ஆக்குவது நமக்கு மழுப்பலாகத் தெரியும். இங்கிலாந்தில் அதுவே கொஞ்சம் காரமான பேச்சு.

அறிகுறி: முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பு

இதுதான் சுத்த இலக்கணம். பொருள் கெடவில்லை, காதில் உறுத்துகிறது. அதிகம் உறுத்துவதிலிருந்து சொல்கிறேன்.

‘டிட்’ வந்த பிறகு வினை பழைய உருவில் நிற்க வேண்டும்: ‘ஐ டிடின்ட் கோ’. இறந்தகாலம் ஒரு முறை வந்தால் போதும். ‘ஒன் ஆஃப் மை’ என்று தொடங்கினால் அடுத்து பன்மை வர வேண்டும், ‘ஃப்ரெண்ட்ஸ்’. பலரில் ஒருவர் அல்லவா? ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ நம் தேசிய வாக்கியம். வைத்திருப்பது, தெரிந்திருப்பது, பிடிப்பது ஆகிய நிலைகளுக்கு அந்த ‘இங்’ வேண்டாம். சாப்பிடுவது போன்ற செயலானால் ‘ஹேவிங் லஞ்ச்’ என்று தாராளமாகச் சொல்லலாம். ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ தவறு: கால அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’. ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் ‘அபவுட்’ வேண்டாம், ‘ரிட்டர்ன்’னுக்குப் பின்னால் ‘பேக்’ வேண்டாம். ‘டுடே ஈவ்னிங்’ இல்லை, ‘திஸ் ஈவ்னிங்’. ‘யெஸ்டர்டே நைட்’ இல்லை, ‘லாஸ்ட் நைட்’. ‘இன்ஃபர்மேஷன்’, ‘ஃபர்னிச்சர்’, ‘எக்யுப்மென்ட்’ மூன்றுக்கும் பன்மை கிடையாது. எல்லா வாக்கியத்துக்கும் வாலாக ‘இஸ்ன்ட் இட்?’ போடுவதை விட்டுவிட்டு ‘ரைட்?’ என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வியில் சொல் இடம் மாறுவது கொஞ்சம் நுட்பம். தனிக் கேள்வியானால் மாற வேண்டும்: ‘வேர் இஸ் த ஸ்டேஷன்?’ இன்னொரு வாக்கியத்துக்குள் புகுந்துவிட்டால் மாறக் கூடாது: ‘டூ யூ நோ வேர் த ஸ்டேஷன் இஸ்?’ நாம் சரியாகத் தலைகீழாகச் செய்கிறோம்.

‘த’ என்ற சுட்டுச்சொல்லை எங்கே போடுவது என்பதில் காலத்தைச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். நம் மொழியில் அதற்கு ஈடு இல்லை. இருபது வருடம் அங்கேயே வாழ்ந்தவர்களும் தவறவிடுகிறார்கள், யாரும் குழம்புவதில்லை.

அறிகுறி: புரிந்துகொண்டார், இருந்தும் திருத்துகிறார்

இங்கே நோய் உங்களுக்கு இல்லாமலும் இருக்கலாம். ஆங்கிலேயர்களுக்குள் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வீட்டுச் சண்டைகள் சில உண்டு. எண்ணக்கூடியவற்றுக்கு ‘லெஸ்’ சொல்லக் கூடாது, ‘ஃப்யூவர்’ தான் என்பது அதில் பிரபலம். 1770 இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ‘ஃப்யூவர்’ சொன்னால் நன்றாயிருக்கும் என்று தன் விருப்பமாக எழுதி வைத்தார், பின்னால் வந்தவர்கள் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், மன்னர் ஆல்ஃபிரட் காலத்திலேயே எண்ணக்கூடியவற்றுக்கு ‘லெஸ்’ வழக்கில் இருந்தது. ஆனாலும் சண்டை ஓயவில்லை. 2008 இல் பிரிட்டனின் டெஸ்கோ சூப்பர்மார்க்கெட், ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்ற பலகைகளை ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று மாற்ற முடிவெடுத்தது. ‘லிட்டரலி’யை மிகைப்படுத்தப் பயன்படுத்துவதும் அப்படித்தான். 1769 இலிருந்தே அச்சில் இருக்கிறது, இன்றும் பல்லைக் கடிக்கிறார்கள். ‘ஆஸ்க்’கை ‘ஆக்ஸ்’ என்று சொல்பவர்களை ஏளனம் செய்பவர்களுக்கு, பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் அப்படித்தான் எழுதினார் என்பது தெரிவதில்லை.

‘குட் ஆஃப்’ என்று எழுதுவது அவர்களை உச்சகட்டமாக எரிச்சலூட்டும் பிழை. ‘குட் ஹேவ்’ பேச்சில் ‘குடவ்’ ஆவதைக் காதால் மட்டும் கேட்டு எழுதுபவர்களுக்கு வருவது. புத்தகத்திலிருந்து கற்ற நமக்கு இது அநேகமாக வராது, ஆகவே அந்தப் பழி நமக்கு இல்லை. ‘இட்ஸ்’ மட்டும் பொது வியாதி. ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று விரிக்க முடிந்தால் மேலே சுழி (அபாஸ்ட்ரஃபி) போடுங்கள், ‘அதனுடைய’ என்றால் வேண்டாம்.

திருத்துபவர் உங்கள் அறிக்கையை அச்சுக்கு அனுப்புபவர் என்றால் அவர் விருப்பப்படியே மாற்றுங்கள், வாதம் வேண்டாம். மற்றவர்களிடம் ஒரு ‘தேங்க்ஸ்’ போதும்.

போனில் பெயரை எழுத்துக்கூட்டும்போது ‘ஹெச்’ என்று சொன்னதும் சிலர் ‘எய்ச்’ என்று திருத்துவார்கள். அகராதி ‘எய்ச்’ பக்கம். ஆனால் அயர்லாந்தில் நம்மைப் போல ஹகரம் போட்டு ‘ஹெய்ச்’ என்பதுதான் வழக்கம், இங்கிலாந்தின் இளையவர்களிடமும் அது பரவிவருகிறது. வட அயர்லாந்தில் அந்த ஓர் எழுத்தை எப்படிச் சொல்கிறார் என்பதை வைத்தே ஒருவர் கத்தோலிக்கரா புராட்டஸ்டன்டா என்று ஊகிப்பார்கள். அதன் தலைநகரான பெல்ஃபாஸ்ட் ஆளோடு பேசும்போது யாராவது உங்களைத் திருத்தினால், திருத்தியவர் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.